வடகடலில் முதல் ஸ்கூபா

ஆடி மாதம் தங்கச்சி மகனோடு பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் மாவட்டக் கரைக்கு, வடகடலில் (பாக் விரிகுடா) காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்கும் ஸ்கூபாவுக்குப் போனேன். ஆளுக்கு 2,500 ரூபாய். ஸ்கூபாவுக்கென்று அந்தமான் போக விமானச் செலவே எங்களுக்குக் கட்டுபடியாகாது.

எனக்கு நீச்சல் தெரியாது, முதலிலேயே சொல்லிவிட்டேன். பயிற்சியாளர் இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் நிற்கவைத்து, மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிவிடுமாம். நாங்கள் இறங்கியது 4 மீட்டர்தான். அதற்கே காது வலித்தது. கை காட்டியதும் மேலே கூட்டிவந்து, அப்புறம் மெதுவாக இறக்கினார். அந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

கீழே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பவளம். ஒரு கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம், நறுக் நறுக்கென்று தண்ணீருக்குள்ளேயே கேட்டது! அம்மாடி, இன்னும் காதில் இருக்கிறது.

மாஸ்க் பழசு, ஓரத்தில் கசிந்தது. உடை மாற்ற வெறும் தார்ப்பாய் மறைப்பு. பெண்களுக்கு இது போதவே போதாது, சொல்லிவிட்டும் வந்தேன்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும், வடகடல் அமைதி, வாடைக்காலத்தில் தலைகீழ். தென்கடல் பக்கத்து 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் இறங்க முடியாது. காலையிலேயே போய்விடுங்கள்.