கடற்கரை நடை: விடியலிலா, மாலையிலா?

அமைதியான கடலோர ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு முதல் வாரமே வரும் குழப்பம் இது. தினம் ஒரு வேளைதான் முடியும் என்றால் எது?

காற்று: விடியலில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு, மெதுவாக. மாலையில் கடலிலிருந்து வீசும். தொப்பி பறக்கும், ஆனால் புழுக்கம் போய்விடும்.

ஆட்கள்: விடியலில் நீங்களும் ஒரு நாயும். மாலையில் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை.

மணல்: இங்கேதான் என் ஓட்டு விடியலுக்கு. ராத்திரி நண்டுகள் வளையிலிருந்து தள்ளிய மண் வாசலில் சிதறிக் கிடக்கும். அங்கிருந்து ஊசியால் குத்தியதுபோல் கால்தடங்கள் தண்ணீர்வரை போகும். மாலைக்குள் செருப்புகள் அதையெல்லாம் மிதித்து அழித்திருக்கும்.

கிளிஞ்சல் பொறுக்கவா? அப்படியானால் கடிகாரத்தை விடுங்கள், நீர் வற்றும் நேரத்தைப் பாருங்கள். அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை நடந்த ஈரமணல், அடுத்த வாரம் அதே நேரம் தண்ணீருக்கடியில் இருக்கலாம்.

தனியாக இருக்க விரும்பினால் விடியல். குழந்தைகள் இருந்தாலோ, ஊரில் நாலு பேரைப் பழகிக்கொள்ள வேண்டுமென்றாலோ மாலை. தூக்கம் பிடிக்குமா? சரி, அப்புறம் பேச்சே இல்லை, மாலைதான்.