மோக்ஸா என்போர்ட் 5610-16: பெட்டி நல்லதுதான், கேபிளிலும் பாதுகாப்பிலும் கவனம் வேண்டும்

தைவானின் மோக்ஸா தயாரிக்கும் என்போர்ட் 5610-16, பதினாறு ஆர்எஸ்-232 (சீரியல்) போர்ட்களை ஒரே ஈதர்நெட் இணைப்பின் பின்னால் கொண்டுவரும் 1யூ (ஒரு தட்டு உயர) ரேக் பெட்டி. இந்த வகைப் பெட்டிக்கு டெர்மினல் சர்வர் என்று பெயர். ரௌட்டர், ஸ்விட்ச், யுபிஎஸ் எனக் கன்சோல் போர்ட் (சாதனத்தை நேரடியாகக் கட்டளையிட்டு அமைக்கும் சீரியல் வாய்) உள்ள எதையும் இதில் மாட்டிவிட்டு இருக்கையிலிருந்தே இயக்கலாம். நெட்வொர்க் படுத்துவிட்டாலும் கன்சோல் கைக்கு எட்டவேண்டும் என்றுதான் டெர்மினல் சர்வர் வாங்குகிறோம். அதனால் படுத்துவிடக்கூடிய அதே நெட்வொர்க்கின் ஸ்விட்சில் இதைச் செருகினால் காசு வீண். மேலாண்மைக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் வையுங்கள்.

ஐபி கொடுப்பது எளிது. புதுப் பெட்டி 192.168.127.254 என்ற முகவரியோடு வரும். முன்பக்க எல்சிடி திரையிலும் அதன் நான்கு பொத்தான்களிலுமே முகவரியை மாற்றிவிடலாம், மடிக்கணினி கூடத் தேவையில்லை. இரண்டு புதுப் பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுங்கள். எல்லாம் ஒரே முகவரியோடு வருவதால் ஒன்றோடொன்று மோதும். மோக்ஸாவின் விண்டோஸ் தேடல் மென்பொருள் பிராட்காஸ்ட் (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும் செய்தி) அனுப்பித்தான் பெட்டியைத் தேடுகிறது. வேறு விலேனில் (தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க் பகுதியில்) இருந்தாலோ, கணினியின் ஃபயர்வால் யுடிபி 4800-ஐ அடைத்திருந்தாலோ பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.

நேரத்தை விழுங்குவது கேபிள். போர்ட்கள் ஆர்ஜே45 வடிவில் இருப்பதால் கையில் கிடைத்த லேன் கேபிளைச் செருகத் தோன்றும். சிஸ்கோவின் கன்சோலும் ஆர்ஜே45தான், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. மோக்ஸாவில் 3-ஆம் கம்பி கிரவுண்ட், 4 அனுப்புவது, 5 பெறுவது. சிஸ்கோவில் 3 அனுப்புவது, 4, 5 இரண்டும் கிரவுண்ட், 6 பெறுவது. நேர்க் கேபிள் போட்டால் மோக்ஸாவின் 4 சிஸ்கோவின் 4-இல் சேரும், நீலநிற ரோல்ஓவர் (கம்பி வரிசை தலைகீழான சிஸ்கோ கேபிள்) போட்டால் 5-இல் சேரும். எதைப் போட்டாலும் அனுப்பும் கம்பி கிரவுண்டில்தான் போய் விழுகிறது. எதுவும் எரியாது, எதுவும் வேலையும் செய்யாது. மோக்ஸா 4-ஐ சிஸ்கோ 6-க்கும், 5-ஐ 3-க்கும், 3-ஐ 4-க்கும் இணைத்து நீங்களே கிரிம்ப் செய்துகொள்வதே (கம்பிகளை இணைப்பியில் அழுத்திப் பொருத்துவதே) உத்தமம். இரு முனைகளிலும் எது எந்தப் பக்கம் என்று ஒட்டுத்தாள் ஒட்டாவிட்டால் அடுத்து வருபவர் தலைகீழாகச் செருகுவார்.

அடுத்தது போர்ட் அமைப்பு. ஆலையிலிருந்து 115200 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஆர்டிஎஸ்/சிடிஎஸ் ஃப்ளோ கண்ட்ரோல் (அனுப்பலாமா என்று தனிக் கம்பிகளில் அனுமதி கேட்கும் முறை) என்று வரும். சிஸ்கோ கன்சோல் வழக்கமாக 9600. வேகம் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எழுத்து வரும், அதைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். குழப்புவது மற்றொன்று. சாதனம் பூட் ஆகும் செய்தியெல்லாம் அழகாக ஓடும், நாம் தட்டுவது மட்டும் போகாது. மூன்று கம்பிக் கேபிளில் சிடிஎஸ் கம்பியே இல்லாததால் அனுமதிக்காகப் பெட்டி காத்துக்கொண்டே இருக்கிறது. ஃப்ளோ கண்ட்ரோலை ‘இல்லை’ என்று மாற்றினால் தீர்ந்தது.

பெட்டியின் இயங்குமுறைகளில் ரியல் காம்தான் இயல்புநிலை. விண்டோஸில் டிரைவர் போட்டால் ஒவ்வொரு போர்ட்டும் ஒரு காம் போர்ட்டாக (கணினியின் சொந்த சீரியல் போர்ட் போல) தெரியும். இடையில் ஃபயர்வால் இருந்தால் டிசிபி 950 முதல் 981 வரை திறக்கவேண்டும்: முதல் பதினாறு தரவுக்கு, அடுத்த பதினாறு கட்டளைக்கு. காம் போர்ட்டை மட்டுமே அறிந்த பழைய மென்பொருளுக்கு இது அவசியம். வெறும் கன்சோல் வேலைக்கு டிரைவர் சுமை எதற்கு? டிசிபி சர்வர் முறைக்கு மாற்றி, முதல் போர்ட்டுக்கு 4001, பதினாறாவதற்கு 4016 என்று புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் ‘ரா’ வகையில் இணையலாம். டெல்நெட் வகையில் இணைந்தால் தொடக்கத்தில் குப்பை எழுத்துகள் போகலாம், என்டர் ஒருமுறை தட்டினால் இருமுறை தட்டியதுபோல் ப்ராம்ப்ட் வரலாம்.

இந்த முறையில் இரண்டு மதிப்புகளைப் பாருங்கள். இன்ஆக்டிவிட்டி டைம் (சும்மா இருக்கும் இணைப்பை அறுக்கும் நேரம்) மில்லிநொடியில் உள்ளது. பத்து நிமிடம் என்று நினைத்து 600 போட்டால் 0.6 நொடி சும்மா இருந்தாலே இணைப்பு அறுந்துவிடும். கன்சோலுக்கு 0 இருக்கட்டும். டிசிபி அலைவ் செக் (மறுமுனை உயிரோடு உள்ளதா என்று பார்க்கும் நேரம்) 7 நிமிடம் என்று வருகிறது. மடிக்கணினி திடீரென அணைந்தால் செத்த இணைப்பு அவ்வளவு நேரம் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், அவசரத்தில் அது பெரிய காலம். 1 நிமிடமாகக் குறைக்கலாம்.

சன் ஸ்பார்க் சர்வர்கள் இன்னும் ஓடும் இடங்களில் ஓர் எச்சரிக்கை. கன்சோலில் பிரேக் சிக்னல் (சீரியல் கம்பியில் வரும் நிறுத்தக் குறி) வந்தால் அவை அப்படியே நின்றுவிடும். டெர்மினல் சர்வரை அணைத்து மீண்டும் போடும்போது இந்த ஆபத்து வரலாம். முதல் மாட்டலைப் பராமரிப்பு நேரத்தில் செய்யுங்கள்.

பெரிய குறை பாதுகாப்பு. இந்த வரிசையில் சீரியல் தரவுக்கு மறையாக்கம் இல்லை. ரௌட்டரின் கடவுச்சொல் நெட்வொர்க்கில் அப்பட்டமாகப் போகும். 2015 டிசம்பரில் உக்ரைன் மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், துணைமின் நிலையங்களின் சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளுடைய (இந்தப் பெட்டி போன்றவற்றின்) ஃபர்ம்வேரையே, அதாவது உள் மென்பொருளையே, கெடுத்துவிட்டார்கள். அதனால் தொலைவிலிருந்து பிரேக்கர்களை இயக்க முடியாமல் போயிற்று. 5610-ஐ மூடிய மேலாண்மை விலேனுக்குள் வைத்து, அனுமதிக்கும் ஐபிகளைப் பட்டியலிட்டு, விபிஎன் வழியாக மட்டுமே தொடுவதானால் தாராளமாக வாங்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் கூடுதல் விலை கொடுத்து எஸ்எஸ்எச் (மறையாக்கப்பட்ட இணைப்பு) உள்ள என்போர்ட் 6000 வரிசைக்குப் போய்விடுங்கள்.