கம்பெனி ரயிலா, சர்க்கார் ரயிலா?

பம்பாய் மாட்டுங்காவில் நாலு தமிழர் கூடினால் மெட்ரோ பேச்சு வந்துவிடும்: தனியாரிடம் விடுவதா, அரசே போடுவதா? பம்பாய்க்கு இது பழைய வழக்கு. பிரிட்டிஷ் காலத்தில் ரயில் பாதை போட்ட இரண்டு வழிகளையும் எதிரெதிரே வைக்கிறேன்.

பணம்
கம்பெனி: ஜிஐபி (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே லண்டனில் பங்கு விற்றது. 1849 ஒப்பந்தப்படி அன்று நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, பங்குதாரர் போட்ட பணத்துக்கு 5% வட்டிக்கு உத்தரவாதம், நிலமும் இலவசம்.
சர்க்கார்: 1869-க்குப் பின் அரசே கடன் வாங்கிப் போட்டது. வட்டி குறைவு.

நஷ்டம்
கம்பெனி: வருமானம் 5 சதவீதத்தைத் தொடாவிட்டால் மீதி இந்திய வரிப்பணத்திலிருந்து. பங்குதாரருக்குத் தூக்கம் கெடாது. செலவைச் சுருக்கும் அக்கறையும் வராது. லாபம் கூடினால் மட்டும் பங்கு கேட்பார்கள்! பேரத்தில் ஜெயித்தது லண்டன்தான்.
சர்க்கார்: லாபமோ நஷ்டமோ, கஜானாவுக்கே.

தரம்
கம்பெனி: 1676 மி.மீ. அகலப் பாதை, பம்பாய்–புணே வழியில் 1863-ல் திறந்த போர் காட் (Bhor Ghat) மலைப்பாதை. குறை சொல்ல முடியாது.
சர்க்கார்: சிக்கனத்துக்கு மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலக் குறுகிய பாதை. அந்தக் கொள்கை தெற்கிலும் பரவியதால்தான், தஞ்சாவூரிலிருந்து எழும்பூரில் வந்து இறங்கியவர்கள் பெட்டி படுக்கையோடு சென்ட்ரலுக்கு ஓடி அகலப் பாதையில் போகும் பம்பாய் வண்டியைப் பிடித்தார்கள்.

வேகம்
கம்பெனி: 1853 ஏப்ரல் 16-ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு வண்டி ஓடிவிட்டது.
சர்க்கார்: பஞ்சமும் போரும் வந்தால் பணம் நின்றுவிடும். 1880-களில் மறுபடி கம்பெனிகளைக் கூப்பிட்டார்கள்.

கஜானா காலி, பாதை உடனே வேண்டும் என்றால் கம்பெனி; ஆனால் உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு எழுதி வாங்க வேண்டும். மலிவாகக் கடன் கிடைக்கிறது, பொறுத்திருக்கலாம் என்றால் அரசே போடட்டும். ஜிஐபியையே 1900-ல் அரசு விலைக்கு வாங்க வேண்டிவந்தது.