கிளிநொச்சியில் பட்டப்படிப்பு ஆலோசனை: போகலாமா?

தங்கச்சியின் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, ஏ-9 வீதியோரம் இருக்கும் ஆலோசனை நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். சுவர் முழுக்க வெளிநாட்டுப் படங்கள்தான், அதைக் கண்டு திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே இருக்கும் அக்கா, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை விரித்து, எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளிகளை (அனுமதி கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளிகள்) பென்சிலால் வட்டமிட்டார். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரே கேள்விதான்: "படிச்சு முடிச்சா உம்மை ஆர் வேலைக்கு எடுப்பினம்?"

கலைப்பட்டம் என்றால் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற அரச வேலை நியமனத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதானே வன்னியில் வழக்கம். அவர் அதை நக்கலடிக்கவில்லை. புவியியல் எடுத்தால் ஜி.ஐ.எஸ். எனும் வரைபடத் தரவு மென்பொருளைக் கையோடு பழகு, எதை எடுத்தாலும் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விடாதே என்றார். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமோ தகவல் தொழில்நுட்பமோ விண்ணப்பிக்க முதல், தொழிற்பயிற்சி எப்படி என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே விசாரிக்கவும் சொன்னார். இதுக்கே காசு கொடுக்கலாம்.

ஆனால் எவ்வளவு காசு என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள், பற்றுச்சீட்டும் கேட்டால்தான் வருகிறது. தனியார் டிப்ளோமா ஒன்றையும் இடையில் தள்ளப் பார்த்தார்கள். சனிக்கிழமை போகாதீர்கள், ரியூசன் விட்ட பிள்ளைகள் நிறைந்து கதிரையே கிடைக்காது.