பரணிலிருந்து பீரோவுக்கு: சீல் பிரிக்காத மூன்று கேம் பெட்டிகளும் மதுரை வெயிலும்

1999 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மூன்று வீடியோ கேம் பெட்டிகள் கொண்டுவந்தார். மரியோ கார்ட் 64, பேன்ஜோ கஸூயி, செல்டா ஒக்கரினா ஆஃப் டைம். மூன்றும் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி விற்ற நின்டெண்டோ 64 என்ற செட்டில் ஓடும் கேம்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ மீனாட்சி பஜாரில் வாங்கிய சைனா வீடியோ கேம் செட். அதில் மஞ்சள் கேசட்டைச் செருகினால் நூற்றுக்கணக்கான கேம் என்று பட்டியல் போட்டு, எட்டு கேமையே திருப்பித் திருப்பிக் காட்டும். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்ததுமே இது நம் செட்டில் சேராது என்று தெரிந்துவிட்டது. "பிரிச்சிராதடா, அடுத்த தடவை சித்தப்பா மாத்திக் குடுப்பாரு" என்று அப்பா மூன்றையும் பரணில் ஏற்றினார். அடுத்த தடவை யாருக்கும் ஞாபகம் இல்லை.

2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில், சீல் பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போன செய்தி வந்தது. நம் பணத்தில் 11 கோடிக்கு மேல். அன்று சாயங்காலமே பரணில் ஏறினேன். எங்களிடம் இருப்பது கார் ஓட்டுகிற மரியோதான், அந்த மரியோ இல்லை. இருந்தாலும் ஒரு ஆசை.

இறக்கிப் பார்த்தால், பேன்ஜோ பெட்டியின் ஒரு மூலையில் சீல் கிழிந்து, வெளியே தெரிந்த அட்டையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மரியோ கார்ட்டில் சீல் கிழியவில்லை, ஆனால் பெட்டி இரண்டு பக்கமும் வில்லாக வளைந்திருந்தது. செல்டா மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தது. அது அம்மாவின் பழைய நூல்சேலைக்குள் சுற்றிக் கிடந்தது. அதன் அர்த்தம் எனக்குப் பிடிபட இரண்டு வருஷம் ஆனது.

அதற்கப்புறம் நாலு கத்திரியும் நாலு ஐப்பசியும் பார்த்தாகிவிட்டது. என்னென்ன வாங்கினேன், எது உதவியது, எதில் காசு வீண் என்று எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இருந்த தப்பான எண்ணம்: சீல் போட்ட பெட்டிக்குள் காற்று போகாது. போகும். சீல் என்பது பெட்டியைச் சுற்றிச் சூடு காட்டி இறுக்கிய பிளாஸ்டிக் படலம்; அந்தச் சுருக்குப் படலத்தில் காற்று வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பின்பக்கம் குறுக்கே ஓடும் ஒட்டு வழியாகவும் ஈரம் உள்ளே போய்வரும். மழைக்காலத்தில் அட்டை ஈரத்தை இழுத்து உப்பும். படலம் இடம் கொடுக்காது. கோடையில் அட்டை காய்ந்து ஒடுங்கும். பரண் சூட்டில் படலமும் இன்னும் கொஞ்சம் சுருங்கும். சூடு காட்டிச் சுருக்கிய பொருள்தானே அது. இப்படி வருஷா வருஷம் இழுபறி நடந்தால், தாங்க முடியாமல் முதலில் விட்டுக்கொடுப்பது மூலைதான்.

சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் இருந்த மாமாவிடம் மரியோ கார்ட்டைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "மருமகனே, அட்டைக்கு நரம்பு ஓட்டம் ஒண்ணு இருக்கு. நரம்போட நீளத்துல பெருசா மாறாது, குறுக்கு வாக்குலதான் உப்பும், சுருங்கும். அதான் இந்த வாக்குல மட்டும் வளைஞ்சிருக்கு" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்ன வாக்கில்தான் வளைந்திருந்தது.

சரி, வாங்கிய சாமான்களுக்கு வருவோம். முதலில் ஸ்டேஷனரி கடையில் கிடைத்த தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். ஒரு கோடை தாண்டியதும் உறை படலத்தோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு தடம் விட்டது. அது பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். இப்போது எந்த உறை வாங்கினாலும் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்கிறேன்: செம்புக் கம்பியைச் செக்கச் செவேல் என்று காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டிச் சுடர் பச்சையாக எரிகிறதா என்று பார்க்கிறேன். எரிந்தால் பிவிசி, தூக்கிப் போட வேண்டியதுதான். இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல. அம்மாவின் திட்டு அதைவிட மோசம்.

அப்புறம் பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) உறை வரவழைத்தேன், அரை மில்லிமீட்டர் கனம். அமெரிக்கப் பதிப்பு நின்டெண்டோ 64 பெட்டியும் அதற்கு முந்தைய செட்டான சூப்பர் நின்டெண்டோவின் கேம் பெட்டியும் ஒரே அளவுதான், இரண்டுக்கும் ஒரே உறை பொருந்தும். ஜப்பான் பெட்டி வேறு அளவு. முதலில் ஆர்டர் போட்ட இடத்தில் ஜப்பான் அளவை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். சரியான அளவு வந்த பிறகு எந்தப் புகாரும் இல்லை. இதுவரை மஞ்சள் தட்டவில்லை, ஒட்டவில்லை. கொடுத்த காசுக்கு இதுதான் உருப்படியான சாமான்.

ஆக்ரிலிக் கூண்டு? பார்க்க அம்சமாக இருக்கும். நேம்போர்டு செய்பவரிடம் 3 மில்லிமீட்டர் தகட்டில் அடித்து வாங்கினேன். ஒட்டுவதற்கு குளோரோஃபார்ம் விட்டார். அந்த வாசனை போகும்வரை இரண்டு வாரம் மாடி நிழலில் திறந்து வைத்தேன். மூடி தள்ளித் திறக்கிற மாதிரி, அதனால் தள்ளும்போதெல்லாம் படலத்தில் உரசியது. அதைவிடப் பெரிய தப்பு, மரியோ கார்ட்டை அதற்குள் வைத்து ஹால் ஷோகேஸில் நிறுத்தியது. மேற்கு ஜன்னல் வெயில். சாதாரண ஆக்ரிலிக் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. நம் ஊர்ச் சுவர்களில் பழைய சினிமா போஸ்டர் எல்லாம் நீலமாகத்தானே தெரிகிறது? சிவப்பும் மஞ்சளும் முதலில் பறந்துவிடும். மரியோ தொப்பியின் சிவப்பும் ஒரே வருஷத்தில் ஒரு சாயல் மங்கிவிட்டது. இப்போது அந்தக் கூண்டுக்குள் கொலுப் பொம்மை ஒன்று இருக்கிறது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணியில்தான் நான் ரொம்பவும் ஏமாந்தேன். ஈரம்தான் எதிரி என்று நினைத்து, இறுக்க மூடி போட்ட டப்பாவில் நீல நிற மணி அரைக் கிலோ கொட்டினேன். ஒரு வாரத்தில் ஈரப்பத மீட்டர் 18 சதவீதம் காட்டியது. படலம் தொளதொளவென்று சுருக்கம் விழுந்து, பெட்டியின் மேல்மடிப்பு மாடியில் காயப்போட்ட அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டது. பயந்துபோய் பெரும்பகுதியை அள்ளிவிட்டேன். இப்போது இரண்டு சின்னப் பொட்டலம் மட்டும். மீட்டர் 45க்கும் 50க்கும் நடுவே நிற்கிறது. நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் சாமான் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

மலிவு மீட்டரை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, மீட்டரோடு ஜிப் பையில் பூட்டி ஒரு நாள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும். என் மீட்டர் 69 என்றது. அதனால் எப்போதும் ஆறு கூட்டிக்கொள்கிறேன். மேலே சொன்ன எண்கள் கூட்டிய பிறகு வந்தவை.

பூச்சிக்குப் பாச்சை உருண்டை போடச் சொன்னவர்கள் நிறைய. நான் போடவில்லை, அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வசம்புத் துண்டு நாலு, துணியில் முடிந்து பீரோ மூலையில் கிடக்கிறது. ராமபாணம் திரும்ப வரவில்லை. காரணம் வசம்பா, மாதம் ஒருமுறை துடைப்பதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் விடப் பெரிய வித்தியாசம் காசே இல்லாமல் வந்தது: இடம் மாற்றியது. மே மாதம் மதியம் காங்கிரீட் கூரைக்கடியில் பரண் 41 டிகிரி. அதே நேரம் உள்ளறை பீரோவின் கீழ்த்தட்டு 33. வெளிச்சுவரை ஒட்டாமல் பீரோவை நாலு விரல் தள்ளி வைத்தேன். 2024 அக்டோபர் மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அங்கே இருக்கும் நண்பனின் பழைய கேம் அட்டைப்பெட்டி ஒன்று தரையில் ஊறிப்போனது. அன்றைக்கே என்னுடையவற்றை அடித்தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஏற்றினேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவில்லை. புத்தகம் போல நிற்கின்றன. பெட் உறைக்கு வெளியே நூல்சேலைத் துண்டு. பருத்தி ஈரத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். செல்டாவைக் காப்பாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

சேகரிப்பாளர்களுக்காகப் பழைய கேம்களின் தரம் பார்த்துச் சொல்கிறவர்கள் பெட்டிக்கு எண்ணும் சீலுக்குத் தனியாக எழுத்தும் கொடுப்பார்கள். அந்த ஏல மரியோவின் பெட்டிக்குப் பத்துக்கு 9.8, சீலுக்கு ஏ++. எழுத்தைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள் கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள், கடை விலை ஸ்டிக்கரையும் உரிக்காதீர்கள். பசை இன்னும் கொஞ்சம் படலத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

செல்டா விஷயத்தில் ஒரு வேடிக்கை. அந்த கேசட்டுக்குள், விளையாடியதைச் சேமித்து வைக்க ஒரு பட்டன் பேட்டரி உண்டு. இத்தனை வருஷத்தில் அது செத்திருக்கலாம். பிரிக்காமல் தெரியாது.

சித்தப்பா போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, பேன்ஜோ சீல்தான் ஏற்கெனவே கிழிந்திருக்கிறதே, அதையாவது பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடு என்றார். கொடுக்கலாம்தான். ஆனால் அதைப் போட்டு விளையாட நின்டெண்டோ 64 செட் இன்றுவரை எங்கள் வீட்டில் இல்லை.