மரத்தளத்தின் மேல் லேமினேட்: அண்டர்லேயில் தேவை மென்மை அல்ல, உறுதி

எங்கள் வீட்டின் கீழ்த்தளம், உத்திரங்களின் மேல் பலகை அறைந்து, அடியில் காற்று உலவ வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டது. ஓர் அறையின் லேமினேட் தரை நாங்கள் குடிவரும்போதே இருந்தது. அதன் அடியில் அண்டர்லேயாக, அதாவது தளத்துக்கும் லேமினேட்டுக்கும் இடையே விரிக்கும் அடுக்காக, மெல்லிய நுரைச் சுருள். மற்றோர் அறையில் நாங்கள் 5 மி.மீ. மரநார் அட்டையை விரித்து லேமினேட் பதித்தோம். இரண்டின் மேலும் ஆண்டுக்கணக்கில் நடந்து பழகிய பிறகு, இத்தகைய தளத்துக்கு மரநார் அட்டையையே நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

காரணம் பலகைத் தளத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பழைய பலகைகள் ஓரங்களில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். நடக்கும்போது உத்திரங்களுக்கு இடையே சிறிதளவு தாழ்ந்தெழும். மென்மையான நுரை இந்த மேடுபள்ளங்களை அப்படியே மேலே கடத்துவதோடு, தானும் அமுங்குவதால், காலடிக்குக் காலடி லேமினேட் பலகைகளின் பூட்டு இணைப்புகள் வளைந்து நிமிர்கின்றன. நுரை விரித்த அறையில் ஆள் நடமாட்டம் மிகுந்த வாசல் பக்கம் இணைப்புகள் மெல்ல விரிந்துவிட்டன. மரநார் அட்டை விரித்த அறையில் அத்தகைய விரிசல் ஒன்றும் இல்லை.

ஆகவே பொட்டலத்தின் மேல் முதலில் பார்க்க வேண்டியது தடிமனை அல்ல, சிஎஸ் (CS) என்று குறிக்கப்படும் அமுக்க வலிமையை, அதாவது பாரத்தில் அமுங்காமல் தாங்கும் திறனை. ஐரோப்பிய லேமினேட் உற்பத்தியாளர் சங்கம் குறைந்தது 10 கிலோபாஸ்கலும், கூடுதல் தரத்துக்கு 60 கிலோபாஸ்கலும் வேண்டும் என்கிறது. பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ஒலிக்குறைப்பு டெசிபல் எண்ணை மரத்தளத்துக்கு அப்படியே நம்ப வேண்டாம். அது கான்கிரீட் தளத்தின் மேல் அளந்த மதிப்பு. உத்திரத் தளத்தில் தாழ்ந்த அதிர்வொலியை எந்த மெல்லிய அண்டர்லேயும் பெரிதாகக் குறைப்பதில்லை.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கான்கிரீட்டின் மேல் பாலித்தீன் தடுப்பு அவசியம்; கீழே காற்றோட்டமுள்ள மரத்தளத்தின் மேல் அதை விரித்தால், அடியிலிருந்து வரும் ஈரம் பலகைகளிலேயே தங்கி அவற்றை உளுக்கச் செய்யக்கூடும். எனவே நீராவி கடந்து செல்லும் அண்டர்லேயே இங்கு ஏற்றது. நீங்கள் வாங்கும் லேமினேட்டின் வழிகாட்டியையும் இதற்காக ஒருமுறை படித்துவிடுங்கள். சுவரின் அடிப்பகுதியிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்திருந்தால், வேறெதற்கும் முன் அவற்றைத் திறந்துவிடுங்கள்.

கிறீச்சிடும் பலகைகளை அண்டர்லே அடக்காது. ஆணிகள் தளர்ந்த இடங்களில் திருகாணியால் உத்திரத்தோடு இறுக்கிய பிறகே அட்டையை விரித்தோம். திருகுவதற்கு முன் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்வது கட்டாயம். அட்டைகளை லேமினேட் பலகைகளின் திசைக்குச் சாய்வாக விரித்தால் இரண்டின் இணைப்புகளும் ஒரே கோட்டில் விழா.

மரநார் அட்டைக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீர் தேங்கினால் அது ஊதிவிடும், ஆகையால் குளியலறைக்கு ஆகாது. அதோடு 8 மி.மீ. லேமினேட்டும் சேரத் தரை 13 மி.மீ. உயர்வதால், கதவுகளின் அடிப்பகுதியை இழைத்துக் குறைக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை லேமினேட் பதிக்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.