செவ்வாயில் வீடு: மண்ணுக்குள்ளா, பனிச்சுவருக்குள்ளா, ஏரோஜெல் கூரைக்கடியிலா?

செவ்வாயில் வீடு என்றதும் எல்லாருக்கும் குளிர்தான் நினைவுக்கு வருகிறது. அதில் தப்பில்லை, சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிக்குப் பக்கம். ஆனால் குளிருக்குப் பயந்து மூடினால் வெளிச்சம் போச்சு, வெளிச்சத்துக்காகத் திறந்தால் சூடு போச்சு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எது தேறும் என்று தெரியும்.

முதலில் மண்ணுக்குள் புதைத்த வீடு. செவ்வாயில் இறங்கிய நாசாவின் இன்சைட் கலம் தான் நின்ற இடத்து மண்ணின் வெப்பக் கடத்துத்திறனை அளந்தது: மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.039 வாட். கிட்டத்தட்ட தெர்மாகோல்! மேலே இரண்டு மூன்று மீட்டர் மண் இருந்தால் விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சும் நன்றாகக் குறையும். வெட்டவெளியில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது நாளுக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பதால், இது சின்ன லாபமில்லை.

சிக்கல் விளக்கைப் போட்டதும் ஆரம்பிக்கிறது. ஆட்களுக்கான வெளிச்சம் பெரிய செலவில்லை. 24 மணி 39 நிமிட நாளுக்கு ஏற்ப எல்இடியின் நிறத்தையும் பிரகாசத்தையும் மாற்றிக்கொள்ளலாம். விண்வெளி நிலையத்திலேயே அப்படிப்பட்ட விளக்குகள் இருக்கின்றன. மின்சாரத்தை விழுங்குவது சாப்பாட்டுக்காக விளக்கடியில் வளர்க்கும் பயிர்தான். விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும், இலையில் படும் ஒளி உட்பட, கடைசியில் அநேகமாகச் சூடாகத்தான் மாறும். ஆளுக்கு 100 வாட் உடல் சூடு வேறு. சுற்றிலும் தெர்மாகோல் மாதிரி மண்; சூடு எங்கே போகும்? வெளிக்காற்றின் அழுத்தம் 6 மில்லிபார் அளவுதான், காற்று அவ்வளவு மெல்லியது என்பதால் மின்விசிறி வைத்து ஆற்றவும் முடியாது. குழாயில் திரவத்தை ஓட்டி, வெளியே கதிர்வீசும் தகடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக, உறைபனிக் கோளில் உட்கார்ந்துகொண்டு குளிரூட்டலுக்குத் திட்டம் போட வேண்டியிருக்கிறது.

கண்ணாடி இழை வழியாகச் சூரிய ஒளியைக் கீழே இறக்கலாமே என்பார்கள். ஒளியைக் குவிக்கும் ஆடிகளுக்கு நேர்க்கதிர் வேண்டும். செவ்வாய் வானில் எப்போதும் தூசு மிதப்பதால் ஒளியில் கணிசமான பங்கு சிதறித்தான் வருகிறது. எனக்கு இதில் நம்பிக்கையில்லை.

அடுத்தது பனிச்சுவர் வீடு. 2015-இல் நாசாவின் முப்பரிமாண அச்சு வாழிடப் போட்டியின் வடிவமைப்புச் சுற்றில் முதலிடம் பிடித்தது இந்த யோசனைதான். பனியில் ஹைட்ரஜன் நிறைய இருப்பதால் கதிர்வீச்சைத் தடுக்கும், வெளிச்சத்தையும் விடும். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் உள்ளே 22 டிகிரி, சுவர் பூஜ்யத்துக்குக் கீழே! நடுவில் வாயு இடைவெளி விட்டே ஆக வேண்டும். வெளியே படலம் இல்லாவிட்டால் பனி நேராக ஆவியாகும். இன்னொன்று: பனி எளிதாகக் கிடைப்பது நடு, உயர் அட்சரேகைகளில். 40 டிகிரி வடக்கில் குளிர்கால நண்பகலில்கூடச் சூரியன் 25 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். வெளிச்சத்துக்காகக் கட்டும் வீட்டை வெளிச்சம் குறைந்த இடத்தில் கட்டுவானேன்?

மூன்றாவது, சிலிக்கா ஏரோஜெல் கூரை. ஏரோஜெல் என்பது வெளிச்சத்தை விட்டு, சூட்டைப் பிடித்துவைக்கும், பெரும்பகுதி காற்றாலான இலேசான திடப்பொருள். 2 முதல் 3 சென்டிமீட்டர் தடிமனே செவ்வாய் வெயிலில் அடியிலுள்ள தரையின் வெப்பநிலையை, இருந்ததைவிட 50 டிகிரிக்கும் மேலாகக் கூட்டும் என்று 2019-இல் ஹார்வர்டு ஆய்வாளர் ராபின் வேர்ட்ஸ்வொர்த்தின் குழு பரிசோதனையில் காட்டியது. தீங்கான புற ஊதாவையும் தடுக்கும். செவ்வாயில் சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் 43 சதவீதம்தான் என்றாலும் பல பயிர்களுக்கு அது தாராளம். ஆனால் ஏரோஜெல் நொறுங்கக்கூடியது. அழுத்தத்தைத் தாங்கத் தனிப் படலம் வேண்டும். விண்வெளிக் கதிர்வீச்சை அது தடுக்காது. செடிக்குச் சரி, தூங்கும் அறைக்கு வேண்டாம்.

புழுதிப்புயல் வந்தால்? 2018 புயலில் சூரியத் தகட்டை நம்பிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி மௌனமானது, அணு வெப்பத்தில் ஓடிய கியூரியாசிட்டி வேலையைத் தொடர்ந்தது. கூரைப் பண்ணைக்கும் ஆப்பர்சூனிட்டியின் கதிதான்.

என் தேர்வு: ஆட்கள் மண்ணுக்குள், பெரும்பகுதிப் பயிர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஏரோஜெல் கூரைக்கடியில், புயல் மாதங்களுக்கு மட்டும் கீழே ஒரு சின்ன எல்இடிப் பண்ணை. மின்சாரத்துக்குச் சிறு அணு உலை. அதில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குபோலச் சூடு வீணாக வெளியேறும். அதையும் கீழ்வீட்டின் உபரிச் சூட்டையும் இரவில் பண்ணைத் தரைக்கடியில் ஓடவிட்டால், குளிரூட்டும் தகடுகளையும் சின்னதாக வைத்துக்கொள்ளலாம்.